ஏழரை

ஏழரை என்றால் மற்றவர்களுக்கு எப்படியோ,
ஹகோதாத்தேயில், டிராம் திரும்பும் முனையில்,
மருஃபுஜி கடைக்குள்
அதுதான் எங்களுக்கு நல்ல நேரம்.

ஏழு இருபதுக்கே வந்துவிடுவோம்.
வந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டோம்.
நான் சோயா சாஸ் வரிசையில்
ஒரு புட்டியின் முதுகைப் படிப்பேன்.
உப்பு பதினாறு சதவீதம். மனப்பாடம்.
பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற நககுபோ
முட்டைப் பெட்டியைத் திறந்து எண்ணுவார்.
பத்துதான். எந்தப் பெட்டியிலும் பத்துதான்.
இருந்தாலும் எண்ணுவார்.
பச்சைச் சக்கரப்பை அம்மாள்,
பெயர் தெரியாது, ஒரு சக்கரம் கீச்சிடும்,
டோஃபுவுக்கும் மீனுக்கும் நடுவே
எதையோ மறந்தவள்போல் நிற்பாள்.
மறந்தது ஒன்றுமில்லை.

எங்கும் எழுதியிராத ஒரு விதி உண்டு:
ஸ்டிக்கர் விழும் முன்னே பெட்டியைத் தூக்கி
'இதற்கும் ஒட்டு தம்பி' என்று நீட்டக் கூடாது.
நீட்டியவர் ஒருவர் இருந்தார்.
இப்போது அவர் வேறு கடைக்குப் போகிறார்.

ரப்பர் திரை விலகும்.
குரமோச்சி வருவான். பத்தொன்பது வயது,
இடுப்பில் மஞ்சள் சுருள்.
முதலில் உருளைக்கிழங்கு வடைகள்,
பிறகு பொரித்த கணவாய், கடைசியில் மீன்.
முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டின் நெற்றியில்
பாதி விலை என்று ஒரு பொட்டு வைப்பான்.
அவன் கை எடுத்த இடத்தில்
எங்கள் கை இருக்கும்.
ஓட மாட்டோம். ஓடாமல் வேகமாகப் போவது
எப்படி என்று இங்கே வந்தால் தெரியும்.

பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை எனக்கு.
சம்பளம் போதும். அதற்காக இல்லை.
முழு விலைக்கு வாங்கிய கானாங்கெளுத்தி
வெறும் கானாங்கெளுத்தி.
பாதி விலைக்கு வாங்கியது
நானே பிடித்தது.

பிப்ரவரியில் ஒரு நாள்
மதியத்திலிருந்தே பனி கொட்டியது.
டிராம் நின்றுவிட, நடந்தே போனேன்,
கண்ணிமையில் பனி, பூட்ஸுக்குள் பனி.
கடைக்குள் அலமாரிகள் நிரம்பி வழிந்தன.
கணவாய் மட்டும் பதினொரு பெட்டி.
சூரை மீன் துண்டுகள் தொடாமல் சிவந்து கிடந்தன.
ஆள்? நான். நககுபோ.
வேறு யாரும் இல்லை.

குரமோச்சி வந்தான், அலமாரியைப் பார்த்தான்,
எங்களைப் பார்த்தான்.
'இன்று எல்லாமே பாதிதான்.
எதற்கு முதலில் ஒட்டட்டும், சொல்லுங்கள்.'

பாய்ந்திருக்க வேண்டாமா?
என் கை தானாகப் புட்டியைத் திருப்பியது.
உப்பு பதினாறு சதவீதம்.
நககுபோ முட்டைகளை எண்ணத் தொடங்கினார்.
அந்தப் பையனுக்குத் தெற்றுப்பல் உண்டென்று
அன்றுதான் பார்த்தேன். அப்படிச் சிரித்தான்.

சிரித்து முடித்து அவன் ஒட்ட ஒட்ட
பின்னாலேயே போனோம், இரண்டு வாத்துகள்.
பதினொரு பெட்டி இருந்தும்
இரண்டு கையும் ஒரே கணவாயில் விழுந்தன.
'நீங்கள் எடுங்கள்.'
'இல்லை, நீங்கள்.'
கடைசியில் அவர்தான் எடுத்துக்கொண்டார்.
கொஞ்சம் கோபம் வந்தது எனக்கு,
அந்தக் கோபம் ருசியாக இருந்தது.

கூடை கனத்தது. வடை, கணவாய்,
பாதி விலையிலும் நான் தொட்டிராத சூரை,
யாருக்கென்று தெரியாமல் இரண்டு பொட்டலம் இனிப்பு பன்.
பச்சைப்பை அம்மாள் எப்போதும் எடுக்கும்
மிசோவில் ஊறிய வஞ்சிரம் ஒன்றே ஒன்று
மூலையில் இருந்தது, பொட்டு வைத்தபடி.
எனக்கு அதன்மேல் இரண்டு வருஷக் கண்.
தடுக்க ஆளில்லை.

எடுத்தேன். திரும்ப வைத்தேன்.
காலாவதி அன்று இரவே என்பது தெரியும்.
அவள் வரப்போவதில்லை என்பதும் தெரியும்.
தடுக்க ஆளில்லாமல் எடுப்பதற்கு
அது என்ன கானாங்கெளுத்தியா?

மறுநாள் வெயில். தெருவெல்லாம் சொதசொதப்பு.
ஏழு இருபத்திரண்டுக்கு
டோஃபு பக்கம் ஒரு சக்கரம் கீச்சிட்டது.
நான் நிமிரவில்லை,
உப்பைப் படித்துக்கொண்டிருந்தேன்.